பிஸ்னஸ் கிளாஸ் டிக்கட்டுல காசு எங்க போகுது?

முந்தியெல்லாம் ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ டிக்கட் போட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் மிடில் ஈஸ்ட்டுக்கு வேலைக்குப் போறவங்கதான், அவங்களுக்கு எது ஆகக் குறைஞ்ச வெலையோ அதுதான் டிக்கட், பிஸ்னஸ் கிளாஸ்ங்கிற பேச்சே வராது. இப்ப வேற மாதிரி போன் கோலும் வருது. தோட்டத்துல பொறந்து படிச்சு லண்டன், டொரண்டோ, மெல்பர்ன்னு போய் செட்டில் ஆன பிள்ளைங்க அம்மா அப்பாவ கூப்புடுறாங்க, கூப்புடும்போது "அண்ணே, அம்மாவுக்கு பிஸ்னஸ்லயே போட்டுருங்க, காலம் பூரா கொழுந்துக் கூடை சுமந்தவங்க, ஒரு தடவையாவது நல்லபடியா வரட்டும்"னு சொல்றாங்க. கேக்கவே சந்தோசமா இருக்கும். ஆனா எக்கனமியப் போல மூணு மடங்கு, நாலு மடங்கு, டிசம்பர் சீசன்னா அதுக்கும் மேல போகுற காசு அது, அந்தப் பிள்ளை அங்க ஷிப்ட் அடிச்சு சேத்த காசு. அதனால அது எதுக்குப் போகுதுனு தெரிஞ்சுக்கிட்டே கொடுக்கணும்னு நான் நெனைக்கிறேன்.

டிக்கட் போடுற வேலையில இருந்து பாத்த வரைக்கும் எனக்குப் பட்டது ஒண்ணுதான். அந்தக் காசுல பெரும்பங்கு பிளேன் தரைக்குப் போகுது. ஒரு ஆள் காலை நீட்டி மல்லாந்து படுக்குறதுக்கு வேண்டிய தரை. சாப்பாடு, லவுஞ் (எயாபோட்டுல வசதியா காத்திருக்குற எடம்), வரிசையில முன்னுக்கு விடுறது எல்லாம் கூட வர்ற சாமான். படுத்துத் தூங்கப் போறீங்களா இல்லையாங்கிறத வச்சுத்தான் அந்தக் காசு தகுமா தகாதானு முடிவு பண்ணணும்.

கணக்கு போட்டுப் பாத்தா வெளங்கும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014ல இருந்து கொண்டு வந்த ஏர்பஸ் ஏ330-300ல 28 பிஸ்னஸ் சீட், 269 எக்கனமி சீட். எக்கனமியில ஒரு வரிசைக்கு 2-4-2னு எட்டு பேர், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல 31, 32 அங்குலம். பிஸ்னஸ்ல 1-2-1னு நாலே பேர், ஒரு வரிசைக்கு எடுத்துக்குற நீளமும் ஒண்ணரை மடங்குக்குக் கிட்ட. அகலத்துல ரெண்டு மடங்கு, நீளத்துல ஒண்ணரை, பெருக்கிப் பாத்தா ஒரு பிஸ்னஸ் சீட் கிட்டத்தட்ட மூணு எக்கனமி சீட்டோட எடத்த புடிச்சிருக்கு. கம்பனிக்காரன் அந்த மூணு டிக்கட்டோட காசையாவது அதுல எடுத்தே ஆகணும், அதுக்கு மேலதான் அவன் லாபம். டேட் மாத்துற வசதி, ரீஃபண்ட், 40 கிலோ லக்கேஜ் எல்லாத்துக்கும் ஒரு வெலை வச்சு அதுலயே சேத்துருவான். 2013ல உலக வங்கி ஆய்வு ஒண்ணு, பிஸ்னஸ்ல போற ஆளோட கார்பன் கணக்கு, அதாவது அவர் பங்குக்கு பிளேன் விடுற புகை, எக்கனமி ஆளைப் போல மூணு மடங்குக்குக் கிட்டனு சொல்லிச்சு, அதுவும் இதே தரைக் கணக்குல இருந்துதான் வருது.

இந்தப் படுக்கை ஆரம்பத்துலேயே இருந்ததும் இல்ல. 1970கள்ல பிளேன்ல ஃபர்ஸ்ட், எக்கனமினு ரெண்டுதான். அப்ப டிஸ்கவுண்ட் டிக்கட் பெருகப் பெருக, கம்பனி வேலையா கடைசி நேரத்துல முழு வெலை கொடுத்து எக்கனமியில ஏறுன ஆளு, பாதி வெலையில வந்த சுற்றுலாக்காரனோட பக்கத்துல உக்காந்து அதே சாப்பாட்ட சாப்பிட வேண்டியதாப் போச்சு, அந்த மனத்தாங்கல்ல பொறந்ததுதான் பிஸ்னஸ் கிளாஸ். 1978ல அமெரிக்காவோட பேன் ஆம் கம்பனி முழு வெலை கொடுத்தவங்கள தனியா முன்னுக்கு உக்கார வச்சாங்க, 1979ல ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் பிஸ்னஸ் கிளாஸ்னே பேர் போட்டுச்சு. அப்பவும் சீட் கொஞ்சம் அகலம், சாயுறது கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 2000ல பிரிட்டிஷ் எயார்வேஸ் பிஸ்னஸ் கிளாஸ்ல முழுசா சமமாப் படுக்குற சீட்ட போட்டப்பதான் எல்லாம் மாறுச்சு. ஒரு சீட் முன்னுக்குப் பாக்கும், பக்கத்து சீட் பின்னுக்குப் பாக்கும், அப்படி மாத்தி மாத்தி வச்சு எடத்த மிச்சம் புடிச்சாங்க. அதுக்குப் பொறகு மத்த கம்பனிகளும் அதே வழிக்கு வர வேண்டியதாப் போச்சு. 2017ல கட்டார் எயார்வேஸ் சீட்டுக்குக் கதவே போட்டுருச்சு. பிஸ்னஸ் இவ்வளவு தூரம் வளந்ததுல நெறைய கம்பனிங்க ஃபர்ஸ்ட் கிளாஸையே தூக்கிட்டாங்க.

இதுல ஒரு விசயம் என் மனச ரொம்ப நாளா அறுக்குது. நம்ம பதுளை ரயில எடுத்துக்குங்க, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போறவனும் தேர்ட் கிளாஸ் வாசல்ல தொங்கிக்கிட்டுப் போறவனும் அதே டனல்ல நுழைஞ்சு அதே நேரத்துக்குத்தான் நானுஓயாவுல எறங்குறாங்க. 1849லயே டுப்புய்னு ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் ரயில் கம்பனிகளப் பத்தி எழுதி வச்சாரு: மூணாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போட பெருசா செலவு ஆகாது, ஆனாலும் போட மாட்டாங்க, ஏழைய நோகடிக்கணும்னு இல்ல, ரெண்டாம் வகுப்புக்குக் காசு கட்டக்கூடியவன் மூணாம் வகுப்புக்கு எறங்கி வந்துடக்கூடாதேனுதான். பிளேன்லயும் எனக்கு அதுதான் தெரியுது. எக்கனமியில முட்டி இடிக்கிற அளவுக்கு நெருக்கி வைக்கிறதுனால சீட் கூடுறது ஒரு பக்கம், பிஸ்னஸுக்குப் போகக்கூடியவங்க பயந்து அந்தப் பக்கம் போறது இன்னொரு பக்கம். வீட்டு வேலைக்கு ரியாத் போற அக்கா உக்காந்து போற சீட்டும், முன்னுக்குத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்குற கட்டிலும் ஒரே கணக்குப் புத்தகத்துல ஒண்ண ஒண்ணு பாத்து வெலை போட்டது. அதனாலதான் அம்மாவ பிஸ்னஸ்ல கூப்புடணும்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தோணுறத நான் ஆடம்பரம்னு சொல்ல மாட்டேன். அந்தக் காசு தூக்கத்துக்குப் போகாம பளபளப்புக்குப் போனாத்தான் எனக்கு வயிறு எரியும்.

காசு கொடுத்தாலும் மாறாத விசயங்களையும் சொல்லணும். காத்து எல்லாருக்கும் ஒண்ணுதான். பிளேன் 35,000 அடிக்கு மேல பறந்தாலும் உள்ளுக்குள்ள அழுத்தத்த ஏத்தி வைப்பாங்க, பழைய மொடல்கள்ல அது 8,000 அடி உயரத்துக்குச் சமமா வரலாம், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புதுசுல 6,000 அடிக்குக் கிட்ட. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடி சொச்சம். ஹோர்ட்டன் சமவெளி 7,000 அடி போல. அப்ப புது பிளேன்ல ஏறுனா நுவரெலியா உயரத்துல உக்காந்திருக்கீங்க, பழசுல ஏறுனா ஹோர்ட்டன் சமவெளியவும் தாண்டி. நெஞ்சுக் கோளாறு, மூச்சுக் கோளாறு உள்ள பெரியவங்களுக்கு எந்தக் கிளாஸ்ங்கிறத விட எந்த பிளேன்ங்கிறதுதான் பெருசு, டிக்கட்டுக்கு முந்தி டாக்டர்கிட்ட கேட்டுருங்க.

அதே உயரம்னாலும் நம்ம ஊர்க் குளுமை அங்க இருக்காது, காத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ, மூக்கும் தொண்டையும் காஞ்சு போகும். நாக்குல உப்பும் இனிப்பும் மட்டுப்படும், எஞ்சின் சத்தமும் அதுக்குச் சேந்துக்கும். அதனாலதான் எவ்வளவு பெரிய சமையல்காரர வச்சு மெனு போட்டாலும் பிளேன் சாப்பாடு பிளேன் சாப்பாடாவே இருக்கு, கீழ சமைச்சு குளிரூட்டி மேல கொண்டு போய் சூடு பண்ணித்தான் கொடுக்குறாங்க, பிஸ்னஸ்ல அத பீங்கான் தட்டுல வச்சு ஒண்ணு ஒண்ணா கொண்டு வருவாங்க. தேத்தண்ணி விசயம் இன்னும் மோசம். நுவரெலியாவுல தண்ணி 94 பாகைக்குக் கிட்ட கொதிச்சுரும், நம்ம வீட்டுல அந்தக் கொதியிலேயே தேயிலையப் போட்டு எடுத்துருவோம், பிளேன்ல பாதுகாப்புக்காக அந்தளவுக்குக் கூட கொதிக்க விடுறதில்ல, சூடு பத்தாத தண்ணியில தேயிலை பேக்க முக்கிக் கொடுத்தா நம்ம கொழுந்தா இருந்தாலும் சாயம்தான் எறங்கும், மணம் எறங்காது. சாப்பாட்டுக்காக பிஸ்னஸ் எடுக்காதீங்கனு நான் சொல்றது இதுக்குத்தான்.

சரி, அந்தக் கட்டில் எப்படி இருக்கும்? 1-2-1 சீட்டுகள்ல பெரும்பாலும் காலை நீட்டுற எடம் முன் சீட்டோட பக்கத்து மேசைக்கு அடியில ஒரு பொந்து மாதிரி இருக்கும், பாதம் ரெண்டும் அதுக்குள்ள போகணும். படுத்தா ஆறடி ஆளுக்கும் போதும், ஆனா தோள் பக்கம் அகலமா ஆரம்பிச்சு கால் பக்கம் ஒடுங்கும், பொரண்டு படுக்கும்போது முழங்கால் இடிக்கும். நிமிந்து உக்காந்திருக்கும்போது நம்ம அம்மாமாருக்கு வேற பிரச்சினை, அஞ்சடிக்கும் குறைஞ்ச உயரம்னா கால் முன்னுக்கு இருக்குற திண்டுக்கு எட்டாது, தரையிலயும் சரியா ஊணாது, தொங்கும். ஒரு தலைகாணிய காலுக்கு அடியில வச்சா சரியாயிரும், கேட்டா இன்னொண்ணு கொடுப்பாங்க, ஆனா அம்மா கேக்க மாட்டாங்க, வீட்டுலேயே சொல்லிக் கொடுத்து அனுப்பணும். பட்டன்லயும் எழுத்து இருக்காது, படம்தான், ஆள் உக்காந்த மாதிரி ஒண்ணு, சாஞ்ச மாதிரி ஒண்ணு, படுத்த மாதிரி ஒண்ணு. படுத்த படத்த அழுத்திப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், கைய எடுத்தா பாதியில நின்னுரும். இது தெரியாம ராத்திரி பூரா பாதி சாஞ்சபடியே வந்து எறங்குன பெரியவங்க உண்டு. அவ்வளவு காசும் அந்த ஒரு பட்டன்ல இருக்கு, அதனால நான் போன்ல படம் காட்டி வெளங்கப்படுத்திட்டுத்தான் டிக்கட்ட கையில கொடுப்பேன். பெல்ட்ட போர்வைக்கு மேல போடச் சொல்லுங்க, இல்லாட்டி குலுங்கும்போது செக் பண்ண எழுப்புவாங்க.

அடுத்தது எந்த பிளைட்டுக்கு எடுக்குறதுங்கிறது. பிஸ்னஸ்னு டிக்கட்டுல போட்டிருந்தா எல்லாத்துலயும் கட்டில் இருக்கும்னு நெனைச்சுராதீங்க. சின்ன பிளேன்கள்ல, அதாவது நடுவுல ஒரே நடைபாதை உள்ளதுல, பெரும்பாலும் அகலமான சாய்வு சீட்தான். பெரிய பிளேன்லயும் மொடலுக்கு மொடல் வித்தியாசம், எமிரேட்ஸோட ஏ380ல 1-2-1, அவங்களோட பழைய போயிங் 777ல 2-3-2, அதுல நடுவுல மாட்டிக்கிட்ட ஆளு டொய்லட் போக பக்கத்து ஆளைத் தாண்டித்தான் போகணும். டிக்கட் போடுறவங்ககிட்ட பிளேன் மொடலயும் சீட் மெப்பையும் கேளுங்க, ஒவ்வொரு பிளைட்டுக்கும் தனித்தனியா கேளுங்க. வெக்கப்பட வேண்டியதில்ல, அது உங்க காசு.

டொரண்டோவுக்கு கொழும்புல இருந்து நேரடி பிளைட் இல்ல, டுபாய் வழியா போனா முதல்ல அஞ்சு மணித்தியாலம் போல, அங்க எறங்கி ஏறி பொறகு 14 மணித்தியாலம் போல. அஞ்சு மணித்தியால பிளைட்டுல ஏத்தி, சாப்பாடு கொடுத்து, லைட்ட அணைச்சு, எறங்குறதுக்கு முக்கால் மணிக்கு முந்தி எழுப்புனா தூங்க மிஞ்சுறது ரெண்டு மூணு மணித்தியாலம். முதல் துண்டு எக்கனமி, நீளமான துண்டு பிஸ்னஸ்னு கலந்து போட முடியும், எல்லா நேரமும் மலிவா வராது, ஆனா கேட்டுப் பாக்கணும், பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அதே மாதிரி பகல்ல போற பிளைட்டுக்கு எக்கனமி, ராத்திரி வர்ற பிளைட்டுக்கு பிஸ்னஸ். லண்டனுக்கு ஸ்ரீலங்கன் நேரடியாப் போகுது, 11 மணித்தியாலம் போல. பகல்ல போனா அம்மா படம் பாத்துக்கிட்டு, ஜன்னல்ல பாத்துக்கிட்டு வந்துருவாங்க. ராத்திரி 11 மணித்தியாலம் உக்காந்து வந்து கட்டுநாயக்கவுல எறங்குனா அத்தோட முடியல, அங்கிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனைனு வளைவு வளைவா வேன்ல இன்னும் அஞ்சு ஆறு மணித்தியாலம் இருக்கு. கொழும்புக்காரங்களுக்கு எறங்குனா வீடு, நமக்கு எறங்குன பொறகுதான் பாதை தொடங்குது. மலையகத்துக்காரங்க ஒரு பக்கத்துக்கு மட்டும் பிஸ்னஸ் எடுக்குறதா இருந்தா திரும்பி வர்ற ராத்திரிக்கு எடுங்கனு நான் எப்பவும் சொல்றது அதனாலதான்.

ஆனா லண்டன்ல இருந்து கெளம்புற டிக்கட்டுல ஒரு சங்கதி இருக்கு. பிரிட்டன் அரசாங்கம் அங்கிருந்து கெளம்புற பயணிக்கு ஒரு வரி போடுது, எக்கனமிக்கு மேல உள்ள கேபின்னா அந்த வரி ரெண்டு மடங்குக்கும் மேல. மைல்ஸ் பொயிண்ட்டுல, அதாவது பறக்கப் பறக்க கணக்குல சேருற புள்ளியில, எடுத்த டிக்கட்டுக்கும் அந்த வரி உண்டு, "ஃப்ரீ டிக்கட்"னு நெனைச்சு போறவங்க கடைசியில கார்ட நீட்ட வேண்டி வரும்.

மைல்ஸ்னதும் ஞாபகம் வருது. 1981ல அமெரிக்கன் எயார்லைன்ஸ் பெருசா பரப்புன பழக்கம் இது, இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு, ஸ்ரீலங்கனோடது ஃப்ளைஸ்மைல்ஸ். ஸ்ரீலங்கன் 2014ல வன்வேர்ல்ட் கூட்டணியில சேந்ததால அந்தப் பொயிண்ட்ட கட்டார், பிரிட்டிஷ் எயார்வேஸ் மாதிரி பங்காளிக் கம்பனிகள்லயும் பாவிக்கலாம். மிடில் ஈஸ்ட்டுக்கு வருசா வருசம் போய் வர்ற நம்ம ஆளுங்க கணக்கே தொடங்காம விட்டுடுறாங்க, தொடங்க காசு இல்ல, பேர் பதிஞ்சா போதும், இத்தனை வருசம் பறந்தது வீணாப் போகுதேனு எனக்கு ஆத்தாமையா இருக்கும். மலிவு டிக்கட்டுக்குக் கொஞ்சம்தான் ஏறும், ஆனாலும் ஏறும்.

ஏலம் கேட்டு அப்கிரேட் எடுக்குறதும் இப்ப நெறைய கம்பனிகள்ல இருக்கு, எக்கனமி டிக்கட் வாங்குன பொறகு ஈமெயில் வரும், எவ்வளவு கூடத் தருவீங்கனு கேப்பாங்க, காலியா போகப் போற பிஸ்னஸ் சீட்ட கடைசி ஒண்ணு ரெண்டு நாள்ல அப்படி வித்துருவாங்க. முழு வெலையோட பாத்தா இது ரொம்பவே மலிவா அமையலாம். ஆனா லக்கேஜ் பெரும்பாலும் பழைய எக்கனமி கணக்குலயே நிக்கும், நிபந்தனைய வாசிக்காம மாசியும் மிளகாய்த்தூளும் 40 கிலோவுக்குக் கட்டிக்கிட்டுப் போயிராதீங்க. நல்லா உடுத்திக்கிட்டுப் போனா கவுண்டர்ல சும்மா மாத்தி விடுவாங்கனு ஒரு கதை ஊருக்குள்ள இருக்கு, அது நடக்காது. எக்கனமி நெரம்பி வழிஞ்சா யாரையாவது முன்னுக்கு ஏத்துவாங்க, ஆனா அது அந்தக் கம்பனியில கோல்ட் கார்ட், சில்வர் கார்ட் வச்சிருக்குற ஆளுக்குத்தான் முதல்ல போகும்.

காசு அந்தளவுக்கு இல்லாத பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஏன்னா அம்மாவ எக்கனமியில கூப்புட்டுட்டோமேனு மனசு நொந்து பேசுறவங்கள நான் கேட்டிருக்கேன். பெரியவங்களுக்கு பிஸ்னஸ் வேணும்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் உண்மையில பயப்படுறது எயாபோட்டுக்குத்தான், டுபாய்லயோ டோஹாவுலயோ கேட் மாறி நின்னுருவாங்களோ, பாசை தெரியாம தவிப்பாங்களோனு. அதுக்கு மருந்து வீல்செயார். எக்கனமி டிக்கட்டுக்கும் காசில்லாம கிடைக்கும், டிக்கட் போடும்போதே பதியணும், கடைசி ரெண்டு நாளைக்கு விடக்கூடாது. நடக்க முடிஞ்ச அம்மாவா இருந்தாலும் முட்டி வலி உள்ளவங்க நீளமா நடக்க ஏலாதுனு சொல்லிக் கேக்கலாம், ஒரு ஆள் கூடவே வந்து இமிக்ரேஷன்ல இருந்து அடுத்த கேட் வரைக்கும் கொண்டு போய் விடுவாரு. அப்பறம் நடைபாதை ஓரத்து சீட். நாலு மணித்தியாலத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால்ல ரத்தம் உறையுற அபாயம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுதுனு 2007ல உலக சுகாதார அமைப்பு ஆய்வு சொல்லிச்சு, தனி ஆளுக்குப் பாத்தா ஆறாயிரம் பேர்ல ஒருத்தர்ங்கிற அளவுதான், ஆனா அதுக்குக் காரணம் அசையாம இருக்குறது, பிஸ்னஸ்ல அசையாம படுத்துக் கெடந்தாலும் உண்டு. ஓரத்து சீட்னா யாரையும் எழுப்பாம எந்திரிச்சு நாலு எட்டு நடந்துட்டு வரலாம்.

சாப்பாட்டையும் மறந்துராதீங்க. மாட்டெறச்சி சாப்பிடாதவங்க, வெள்ளிக்கெழமை சைவம்னு இருக்குறவங்க எல்லாருக்கும் இந்து சைவச் சாப்பாடு, இந்து அசைவச் சாப்பாடுனு தனித்தனியா பதிய எடம் இருக்கு, பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்கு முந்தி. பிஸ்னஸ்லயும் பதியணும், மெனு கார்ட் கொடுப்பாங்கனு விட்டுட்டா அதுல உள்ள சைவம் சில நேரம் பாஸ்டா ஒண்ணுதான். ஏலத்துல அப்கிரேட் ஆனவங்க அப்பவே போன் பண்ணி சாப்பாட்டயும் வீல்செயாரையும் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்துங்க, கேபின் மாறும்போது முந்திப் பதிஞ்சது விட்டுப் போறது உண்டு.